குளிர்த்தி முடியட்டும்

ஜூன் 1

வயிற்றில் பிள்ளையோடு இருக்கிற அக்காவின் பிரஷர் 150/100. ஆஸ்பத்திரி வாட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள், எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை. அவள் மகன், சின்னவன், இரவு ஒரு பிஸ்கட்டோடு படுத்துவிட்டான்.

ஜூன் 2

சின்னவனுக்குப் பாஸ்தா வேண்டுமாம். இறைச்சி சோஸ் போட்டது, அதுவும் அவன் அம்மா செய்கிற மாதிரி. கொழும்பு வெள்ளவத்தையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அதுதானாம். அக்கா மாட்டிறைச்சியில் செய்வாள், இந்த வீட்டுக்குள் மாட்டிறைச்சி வராது, அது எப்போதோ பேசி முடிந்த விஷயம். சரி, கோழியில் செய்யலாம் என்றால் அம்மன் கோயில் சடங்குக்குக் கதவு திறந்தாயிற்று, கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை மீனும் இல்லை இறைச்சியும் இல்லை, தெருவில் மீன்காரரின் ஹோர்ன் சத்தம்கூட இல்லை. "ஒரு கிழமைதானே மனே, அம்மனுக்காகப் பொறுத்துக்க" என்று என் அம்மா அவன் தலையைத் தடவினார். அவன் தலையாட்டினான், ஆனால் சோறு அப்படியே இருந்தது.

ஜூன் 3

அக்கா வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினாள். "வெங்காயத்த அவசரப்படுத்தாத. கரட்ட நல்லா சின்னதா வெட்டு. தூள் போட விடாத அம்மாவ." அதற்குள் நர்ஸ் மிஸ் வந்துவிட்டார் போல, நின்றுவிட்டது. குரல் களைத்திருந்தது. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

ஜூன் 4

சோயாமீட்டில் செய்தேன். வெந்நீரில் ஊறவைத்து, மணம் போகும்வரை பிழிந்து, கத்தியால் பொடியாகக் கொத்தி, தேங்காயெண்ணெயில் ஓரம் சிவக்க வறுத்தேன். முழுசாகப் போட்டால் அது சோயாமீட் கறி, கொத்தினால்தான் சோஸ். செத்தல் மிளகாய் இல்லை, தூள் இல்லை, மிளகும் உப்பும் ஒரு சிட்டிகை சீனியும் மட்டும். அம்மா அடுப்படியிலேயே நின்றார். "தூள் போடாம எப்பிடிகா இறங்கும்?" நான் தூள் போத்தலை மேல் தட்டில் வைத்துவிட்டேன். சின்னவன் பாதி சாப்பிட்டான். பாதி என்றால் இந்த நாட்களில் பெரிய விஷயம்.

ஜூன் 5

140/95. கொஞ்சம் மூச்சு வந்தது.

ஜூன் 6

நித்திரை இல்லை. கச்சான் காற்று ராவிலும் அடிக்கிறது, உடம்பெல்லாம் காய்கிறது. போனில் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன், முதலில் பிரஷரைப் பற்றி, அது பயமாக இருந்ததால் பிறகு சோஸைப் பற்றி. இத்தாலியில் பொலோஞ்ஞா என்ற நகரத்தின் இறைச்சி சோஸுக்கு 1982இல் அந்த ஊர் வர்த்தக சம்மேளனத்தில் செய்முறையையே பதிந்து வைத்திருக்கிறார்கள். மாட்டிறைச்சி, பன்றி வயிற்றிறைச்சி, வெங்காயம், கரட், செலரி, வைன், தக்காளி, பால். உள்ளி இல்லை! அங்கே அதை ஸ்பகெட்டியோடு சாப்பிடுவதும் இல்லை, முட்டை போட்டுப் பிசைந்த தட்டைப் பாஸ்தாவோடுதான். இதில் பன்றியும் வைனும் நமக்கு வேண்டாம், செலரிக்கு லீக்ஸ் போடலாம், பால் வீட்டில் இருக்கிறது. உள்ளியை நான் விடமாட்டேன். வாசிக்க வாசிக்க எனக்குப் பட்டது, அந்தச் சோஸுக்கு ருசி கொடுப்பது இறைச்சியின் விலை இல்லை, அடுப்பில் அது இருக்கிற நேரம். நேரம்தான் இப்போது என்னிடம் நிறைய இருக்கிறது.

அக்கா இந்த நேரம் படுத்திருப்பாளா?

ஜூன் 8

160/105. ஊசி போட்டார்களாம். அத்தான் கட்டாரிலிருந்து எடுத்து எடுத்துக் கேட்கிறார், என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. சமைக்கவில்லை. கடைப் பாண், வாழைப்பழம்.

ஜூன் 9

குளிர்த்தி. அக்காவுக்காக நேர்ந்தேன். அம்மா அழுதார்.

ஜூன் 10

காலையிலேயே கோழி வாங்கினேன், தொடை அரைக் கிலோ. எலும்பை எடுத்தால் 300 கிறாம் போலத் தேறியது, நாலு பேருக்கு அது காணாதுதான், ஆனால் ஒரு பிடி மைசூர்ப் பருப்பைச் சேர்த்தால் அது கரைந்து சோஸோடு சோஸாகிவிடும், பருப்பு இருப்பதே நாக்குக்குத் தெரியாது. எலும்பை வீணாக்கவில்லை, அவித்துத் தண்ணீரை எடுத்து வைத்தேன்.

தாச்சி நன்றாகக் காய்ந்த பிறகு கொத்திய இறைச்சியைப் பரப்பிவிட்டு கை வைக்காமல் விட வேண்டும். முதலில் தண்ணீர் விடும், அது வற்றும், பிறகுதான் பொரிகிற சத்தம் வரும், அந்தச் சத்தம் வந்த பிறகு அடியில் ஒட்டுகிற கபில நிறம்தான் முழு ருசியும். கிளறிக்கொண்டே இருந்தால் இறைச்சி அவிந்துதான் போகும். அதை எடுத்து வைத்துவிட்டு, வெங்காயம், லீக்ஸ், கரட் எல்லாம் சின்னத் தீயில், உள்ளி கடைசியில். தக்காளிப்பழம் அரைக் கிலோ, எலும்புத் தண்ணீர், பருப்பு. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் விட்டேன். இறக்கக் கொஞ்சம் முன் அரைக் கோப்பை பால்.

பாஸ்தா 400 கிறாம் பக்கெட்டுக்கு 4 லீற்றர் தண்ணீர், 40 கிறாம் உப்பு என்பார்கள். காஸ் விலைக்கு நான் பாதித் தண்ணீர்தான் வைத்தேன், உப்பும் பாதி. முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளறினால் ஒட்டாது, அந்தத் தண்ணீரும் கஞ்சிப் பதத்தில் இருக்கும், ஒரு கரண்டி சோஸுக்குள் ஊற்றினால் சோஸ் பாஸ்தாவைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீருக்கு எண்ணெய் விடவே கூடாது. சோஸ் வழுக்கிவிடும். கொஞ்சம் கடிபடும்போதே வடித்து சோஸுக்குள் போட்டு, மிச்ச வேக்காடு அங்கே.

சீஸ் வாங்கவில்லை. பழைய பாணை உதிர்த்து உள்ளியோடு முறுக வறுத்துத் தூவினேன். தெற்கு இத்தாலியில் சீஸுக்கு வசதியில்லாத வீடுகளில் இப்படித்தான் செய்தார்களாம்.

சின்னவன் கோப்பையைத் துடைத்துவிட்டு "இது அம்மாட மாதிரி இல்ல" என்றான். பிறகு இன்னும் கேட்டான். அம்மாவும் இரண்டாம் தரம் போட்டார், தூளைப் பற்றிப் பேசவில்லை.

ஜூன் 11

மிஞ்சிய சோஸில் அக்காவுக்குக் கொண்டுபோனேன், பாஸ்தாவை அவளுக்கென்று உப்பில்லாமல் அவித்து. பஸ் காத்தான்குடியில் வெகுநேரம் நின்றது, கல்லடிப் பாலம் ஏறும்போதே பார்வை நேரம் தொடங்கிவிட்டது, ஓடினேன். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது அவளுக்கு. நான் அதைப் பார்க்காத மாதிரி மூடியைத் திறந்தேன். சாப்பிட்டுக்கொண்டே, "அவன் எவ்வளவு சாப்பிட்டான்? பொய் சொல்லாத" என்றாள். சொன்னேன். மறுகாலும் கேட்டாள். மறுகாலும் சொன்னேன்.

ஜூன் 12

150/100.

ஜூன் 13

நாளைக்கு எடுக்கப்போகிறார்களாம். 36 வாரம் காணும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அத்தானுக்கு லீவு இல்லை. ஒரு டப்பா சோஸ் பிரீசரில் இருக்கிறது, சின்னவனுக்கு அம்மா சூடாக்கிக் கொடுப்பார், பாஸ்தாத் தண்ணீருக்கு உப்புப் போட வேண்டும் என்று சொல்லி, கடதாசியிலும் எழுதி ஒட்டிவிட்டேன். முதல் பஸ்ஸில் போகிறேன். துணி, சீப்பு, கிளினிக் கொப்பி, பிளாஸ்க் எல்லாம் பையில் வைத்தாயிற்று. பிளாஸ்க்கின் மூடியைக் காணவில்லை, அதைத் தேட வேண்டும்