பீபாப் ஸ்கேலின் எட்டாவது சுரம்: பயிற்சி நாட்குறிப்பு

ஜனவரி 6

பீபாப் என்ற ஜாஸ் பாணிக்குரிய சி பீபாப் டாமினன்ட் ஸ்கேலை (சுர வரிசையை) இன்று பியானோவில் தொடங்கினேன். சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி ஃபிளாட், பி என எட்டுச் சுரங்கள். ஹரிகாம்போதியின் சுரங்களோடு காகலி நிஷாதமும் (பி) சேர்ந்துகொண்டது என்றால் கர்நாடக இசை பயின்றவர்களுக்கு உடனே விளங்கும். 1940-களில் சார்லி பார்க்கர் போன்றோரின் வாசிப்பில் அடிக்கடி வந்துபோகும் இந்தக் கூடுதல் சுரத்தைப் பின்னாளில் ஸ்கேலாக வகுத்து, பீபாப் என்ற பெயரோடு மாணவர்களிடம் பரப்பியதில் டேவிட் பேக்கருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த பி வெறும் அலங்காரம் என்றே இன்று எனக்குத் தோன்றியது.

ஜனவரி 8

அந்த எண்ணம் தவறு. தாளத் தட்டுகளை ஒலிக்கும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, ஒரு தட்டுக்கு இரண்டு சுரமாக மேல் சி-யிலிருந்து இறங்கினேன். கூடுதல் சுரம் இல்லாதபோது சி, ஏ, எஃப், டி ஆகியவை தட்டுகளில் விழுந்தன; இடக்கை பிடித்திருந்த சி செவன்த் கார்டுக்குரிய (சி, ஈ, ஜி, பி ஃபிளாட் ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) பி ஃபிளாட், ஜி, ஈ மூன்றும் இடைவெளிகளில் ஒதுங்கிவிட்டன. பி-யைச் சேர்த்து இறங்கியதும் சி, பி ஃபிளாட், ஜி, ஈ நான்கும் நான்கு தட்டுகளில் சரியாக வந்து அமர்ந்தன. தன் ஒலியைவிட, மற்ற சுரங்களை அவற்றுக்குரிய இடத்தில் உட்கார வைப்பதே அந்தச் சுரத்தின் வேலை என்பதைக் கண்டபோது மனம் நிறைந்துவிட்டது.

ஜனவரி 12

வலக்கை விரல் முறை கிடைத்துவிட்டது. ஏறும்போது சி-யிலும் ஜி-யிலும் கட்டைவிரல். இரண்டு இடங்களிலிருந்தும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றே விரல்கள் செல்கின்றன. நீளமான நடுவிரல் கறுப்புக் கட்டையான பி ஃபிளாட்டில் இயல்பாகப் படிகிறது. எஃப் ஸ்கேலுக்கும் இதே முறை பொருந்துகிறது. பி ஃபிளாட் ஸ்கேலில் மட்டும் கட்டைவிரல் கறுப்புக் கட்டையில் விழுவதால், அதற்கு வேறு வழி காண வேண்டியிருந்தது.

ஜனவரி 21

கார்டில் இல்லாத ஏ-யிலிருந்து தட்டின்மேல் தொடங்கினால் முழு வரிசையும் இடம் மாறிவிடுகிறது. ஏ-க்கும் ஜி-க்கும் நடுவே ஏ ஃபிளாட்டைச் செருகியதும் இரண்டாம் தட்டில் ஜி வந்தது. அதன்பின் ஈ, சி, பி ஃபிளாட் எல்லாம் ஒழுங்காகத் தொடர்ந்தன. எங்கே தொடங்குகிறோம் என்பதைக் கை அறியும்வரை வேகத்தைக் கூட்டுவதில் பயனில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

பிப்ரவரி 2

மெட்ரோனோமின் ஒலியை இரண்டாம், நான்காம் தட்டுகளாகக் கொண்டு, ஸ்விங் என்ற ஜாஸ் தாள நடையில் டி மைனர் செவன்த், ஜி செவன்த் கார்டுகளுக்குத் தலா இரண்டு தட்டு கொடுத்து வாசித்தேன். இடக்கையில் எஃப், சி. அடுத்து எஃப் அப்படியே இருக்க, சி மட்டும் பி-க்கு இறங்கும். வலக்கை ஜி பீபாப் ஸ்கேலில் எஃப், ஈ, டி, சி என்று இறங்கி வர, மூன்றாம் தட்டில் இரு கைகளும் ஒரே நேரத்தில் பி-யைத் தொட்டன. அங்கிருந்து ஏ, ஜி. அடுத்து ஜி ஸ்கேலின் கூடுதல் சுரமான எஃப் ஷார்ப் வர வேண்டிய இடத்தில் அதை விட்டு, நேராக எஃப்-க்கு வந்தேன். அடுத்த தட்டின் தலையில், சி மேஜர் கார்டின்மேல் ஈ விழுந்தது. இத்தனை நாள் உழைத்துச் சேர்த்த அந்தச் சுரத்தை இந்த இடத்தில் வாசிக்காமல் விட்டதுதான் சரியாக இருந்தது. இருபது முறையாவது திரும்ப வாசித்திருப்பேன். நாளை இதையே எஃப்-இல் எடுக்கிறேன்.