விசுக்கோத்துப் பேணிக்குள் கிடந்த 9 வோல்ட் பற்றரிகள்

கடந்த மார்கழியில் ஓர் இரவு, மூன்று மணியளவில், கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டின் மேல்மாடிப் புகை அலாரம் 'கீச்' என்று ஒருமுறை ஒலித்துவிட்டு அடங்கியது. ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை வந்த அந்த ஒலி எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் சென்றது. "கழற்றி வைச்சிட்டுப் படு தம்பி, விடியப் பாப்பம்" என்றார் அம்மா.

பற்றரி பலவீனமாகிவிட்டது என்று அறிவிக்கும் இந்த ஒலி பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகே வருவதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் உறங்கும் நேரத்தில் வீட்டின் வெப்பநிலையைக் குறைத்து வைக்கிறோம். குளிர்ந்த பற்றரியின் உள்தடை கூடுவதால் அது தரும் வோல்ட் அளவு சற்றே இறங்குகிறது. பகலில் அலாரத்துக்குத் தேவையான வோல்ட் எல்லைக்கு மயிரிழை மேலே நின்ற பற்றரி, விடியற்காலையில் அந்த எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. காலையில் வீடு சூடேறியதும் ஒலி நின்றுவிட, நாமும் அதை மறந்துவிடுகிறோம். வீட்டு மின்சாரத்தில் இணைத்த அலாரங்களிலும், மின்தடைக் காலத்துக்கென ஒரு பற்றரி இருப்பதுண்டு என்பதால், "இது கரண்டில் ஓடுவதுதானே" என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது.

ஒன்ராறியோவில் 2006 மார்ச் முதல் வீட்டின் ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும் வேலைசெய்யும் புகை அலாரம் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதைச் செயலிழக்கச் செய்வது குற்றம். ஆயினும் செத்தல் மிளகாய் வறுக்கும் நாளில் பற்றரியைக் கழற்றி அலுமாரியின் மேல் வைத்துவிட்டு, பிறகு அதை அங்கேயே விட்டுவிடும் வீடுகள் நம்மவர்களிடையே எத்தனை என்று எனக்குத் தெரியும், ஏனெனில் எங்கள் வீடும் அவற்றுள் ஒன்றாக இருந்தது.

அன்றிரவு புதிய பற்றரியைப் பொருத்திவிட்டு, பழையதை வழக்கம்போல விசுக்கோத்துப் பேணிக்குள் போடப் போனபோதுதான், அதற்குள் ஏற்கெனவே பத்து 9 வோல்ட் பற்றரிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கிடப்பதைக் கவனித்தேன். மறுநாள் வோல்ட் அளக்கும் மீற்றர் வைத்துப் பார்த்ததில் பெரும்பாலானவை ஏழு வோல்ட்டுக்கு மேல் காட்டின. அலாரம் 'முடிந்தது' என்று சொல்வது தனக்குப் போதாது என்ற பொருளில் மட்டுமே. பற்றரி முற்றாகச் செத்துவிடுவதில்லை. இந்த வகைப் பற்றரிக்குள் 1.5 வோல்ட் சிற்றறைகள் ஆறு தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன, பற்றரியின் இரு முனைகளும் ஒரே பக்கத்தில், விரல்நுனி அகலத்துக்குள் அருகருகே நிற்கின்றன. ஒரு திறப்போ, சில்லறைக்காசோ, பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிப் பஞ்சோ இரு முனைகளையும் சேர்த்துத் தொட்டால் போதும். கம்பிப் பஞ்சு உடனே கனன்று தீப்பிடிக்கும். தீயைக் கண்டு எச்சரிக்க வாங்கிய பொருளின் மிச்சத்தை, தகரப் பேணி ஒன்றில், கடதாசிக் குப்பைகளுக்கு அருகில் வைத்திருந்திருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை ஒட்டுநாடாதான். ஒவ்வொரு பற்றரியின் இரு முனைகளையும் மூடி ஒட்டி, பிளாஸ்டிக் பையில் தனித்தனியாக இட்டேன். இரண்டு பற்றரிகளில் வெண்ணிறப் பொருக்குப் படிந்திருந்தது. அது உள்ளிருந்து கசிந்த காரம் என்பதால் கையுறையோடு எடுத்தேன்.

குப்பைத் தொட்டிக்குள் இவற்றைப் போடக்கூடாது, மறுசுழற்சிக்கான நீலத் தொட்டிக்குள்ளும் போடக்கூடாது. குப்பை வண்டி கழிவை நசுக்கித்தான் ஏற்றுகிறது. லித்தியம் பற்றரி நசுங்கினால் வண்டிக்குள்ளேயே தீப்பற்றலாம். ரொறன்ரோ நகரசபை இவற்றை வீட்டு அபாயக் கழிவாக ஏற்கிறது. நான் ஸ்காபரோவில் டிரான்ஸ்ஃபர் பிளேஸில் உள்ள நிலையத்துக்குக் கொண்டுபோனேன். 2020 ஜூலை 1 முதல், ஐந்து கிலோவுக்கு மேற்படாத பற்றரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு அவற்றைச் சந்தைப்படுத்துவோர் மீது சுமத்தப்பட்டிருப்பதால், கடைகள் சிலவற்றின் வாசலிலும் சேகரிப்புப் பெட்டிகளைக் காணலாம். ஏரி ஈரீ கரையில் போர்ட் கோல்போர்னில் உள்ள ஆலையொன்றில், அல்கலைன் பற்றரிகளிலிருந்து பிரியும் துத்தநாகமும் மங்கனீசும் பயிர்களுக்கான நுண்ணூட்ட உரத்தில் சேர்கின்றன என்பதை அறிந்தபோது, அந்தப் பேணியை இத்தனை வருடம் மூடி வைத்திருந்ததற்கு வெட்கமாகத்தான் இருந்தது.

அலாரத்துக்கும் வயது உண்டு. பின்புறத்தில் அச்சிட்ட தேதியிலிருந்து பத்து வருடங்களில் புகை அலாரத்தை மாற்றவேண்டும். புதிய பற்றரி போட்ட பின்னும் 'கீச்' ஒலி தொடர்ந்தால், பல வேளைகளில் கருவியே முடிந்துவிட்டது என்று பொருள். அயனியாக்க வகைக் கருவிக்குள் அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு இருக்கிறது. அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், ஏறத்தாழ 432 ஆண்டுகள் என்பதால், கருவியை உடைத்துப் பார்க்காமல் முழுதாகவே கையளிக்கவேண்டும்.

எங்கள் நிலக்கீழ் அறையில் உள்ளதன் முதுகில் 2013 என்று இருக்கிறது. அதற்கு இனிப் பற்றரி வாங்கப் போவதில்லை.