என்னை நம்பித் தூங்கியவர்கள்

ஜனவரி 6

நான் ஓய்வு பெறும் தேதி எழுத்தில் வந்துவிட்டது. ஏப்ரல் 30. வாய்ப்பேச்சாக இருந்தவரை அது வேறு யாருக்கோ நடக்கப்போகிற விஷயமாகத்தான் இருந்தது. தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டராக. முதல் கேஸ் பித்தப்பை. மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடு அலை மானிட்டரில் எழும்பி வந்ததும் வழக்கமாக வரும் நிம்மதி வந்தது. கூடவே, இன்னும் எத்தனை முறை இது என்று ஒரு கேள்வியும் வந்தது. அந்தக் கணக்கைப் போடவே கூடாது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

ஜனவரி 8

"அப்புறம் என்ன பண்ணப் போறீங்க மேடம்?"

இன்றும் கேட்டார்கள். இன்றும் என்னிடம் பதில் இல்லை.

ஜனவரி 15

அக்கா போனில் பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். பென்ஷன், சேமிப்பு, வாரிசு நியமனம், வீட்டுப் பத்திரம். எல்லாவற்றையும் ஒரே மத்தியானத்தில் எடுத்து அடுக்கிவிட்டேன், எல்லாம் சரியாக இருக்கிறது. ஓய்வுக்குத் தயாராவது என்றால் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். கையில் காசு போதாதவர்களுக்கு அதுதான் முதல் கவலை, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் கவலையை எழுதிக் கொடுக்க எங்கேயும் ஒரு படிவம் கிடையாது.

படிவம் என்றதும் ஞாபகம் வருகிறது. மருத்துவப் பதிவைப் புதுப்பிக்கும் தாள் மேஜையிலேயே கிடக்கிறது.

ஜனவரி 22

1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரு அட்டவணை தயாரித்தார்கள். கணவனோ மனைவியோ இறப்பது 100. கல்யாணம் 50. வேலையை விட்டு நீக்கப்படுவது 47. ஓய்வு பெறுவது 45. படிக்கிற காலத்தில் பரீட்சைக்காகப் புரட்டியது. இன்று தேடி எடுத்துப் பார்த்தேன். வெளியே போ என்று சொல்லப்படுவதற்கும், நல்லபடியாக முடித்துக்கொண்டு கிளம்புவதற்கும் இரண்டே மதிப்பெண் வித்தியாசம். இருபது வயதுகளில் அந்த வரி கண்ணில்கூடப் பட்டிருக்காது.

உடம்பு எங்கே போகிறோம் என்று பார்ப்பதில்லை போலிருக்கிறது. எதை விட்டுப் போகிறோம் என்றுதான் பார்க்கிறது.

ஜனவரி 30

ராத்திரி அந்த ஓசை கேட்டு எழுந்துவிட்டேன். பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் ஓசை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, அதாவது சாச்சுரேஷன், இறங்க இறங்கச் சுருதியும் இறங்கும். திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை, காதிலேயே வயிறு கலங்கிவிடும். வீட்டில் ஏது மானிட்டர்? பக்கத்தில் அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். நிமிடத்துக்கு 14. ஒழுங்கான மூச்சு. அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 3

எனக்குக் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த சாரைப் பற்றி இன்று முழுக்க நினைவு. ஓய்வு பெற்ற பிறகு வாராவாரம் வருவார். டாக்டர்கள் அறையில் பழைய நாற்காலியில் உட்காருவார். முதலில் எல்லாரும் எழுந்து நின்று பேசினோம். பிறகு உட்கார்ந்தபடியே பேசினோம். பிறகு அவரே பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொள்வார். ஒரு கட்டத்தில் வருவதை நிறுத்திவிட்டார். எந்த வாரத்தில் நிறுத்தினார் என்று எங்கள் யாருக்குமே தெரியவில்லை. அவ்வளவு பெரிய மனிதர். முகத்தைப் பார்த்தே ரத்த இழப்பைச் சொல்லிவிடுவார்.

நான் அந்த நாற்காலியில் போய் உட்கார மாட்டேன்.

பிப்ரவரி 11

ஜூனியர் பெண்ணிடம் ஒவ்வொன்றாக ஒப்படைத்துக்கொண்டிருக்கிறேன். அலமாரிச் சாவி, கஷ்டமான ஏர்வே, அதாவது டியூப் போடச் சிரமமான மூச்சுப்பாதை, உள்ளவர்களின் குறிப்புகள், எந்தச் சர்ஜனுக்கு எந்த நேரத்தில் கோபம் வரும் என்பது. இதெல்லாம் சுலபம். சொல்ல முடியாதவற்றைத்தான் எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

மானிட்டரைப் பார்க்கும் முன் ஆளைப் பார் என்றேன். மருந்து ஏற்றும்போது ஒரு கையாவது அவர்கள் மேல் இருக்கட்டும் என்றேன். காதுதான் கடைசியில் தூங்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள், அதனால் அந்த நேரத்தில் யாரும் சத்தமாகப் பேசக் கூடாது, கடைசியாகக் கேட்கும் குரல் நல்ல குரலாக இருக்கட்டும் என்றேன். அவள் போனை எடுத்துக் குறித்துக்கொண்டாள். "மேடம், கையை எங்கே வைக்கணும், தோளிலா நெற்றியிலா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இத்தனை காலமும் கை தானாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அடுத்த கேஸில் கவனித்துப் பார்த்தேன். தோள்.

அவள் நன்றாக வருவாள். கஷ்டமான டியூப் ஒன்றை அவசரப்படாமல் போட்டாள். இரண்டாவது முயற்சிக்கு முன் ஆக்ஸிஜன் கொடுத்துக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பைச் சொல்லிக்கொடுக்கத்தான் வருஷங்கள் ஆகும். சந்தோஷமாக இருந்தது, உண்மையாகவே சந்தோஷம். வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

பிப்ரவரி 12

இன்று பரவாயில்லை.

பிப்ரவரி 20

அடுத்த மாத ராத்திரி டியூட்டி பட்டியலில் என் பெயர் இல்லை. நான் கேட்கவில்லை, அவர்களாகவே அன்போடு செய்தது. ராத்திரி டியூட்டி பார்த்தால் உடம்பு தேற இப்போதெல்லாம் இரண்டு நாள் ஆகிறது என்று நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். ஆனாலும் பட்டியலை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தேன். போனைத் தலையணைக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். வேறு எங்கே வைப்பது?

மார்ச் 2

சமூக உளவியலாளர் மரீ யஹோடாவைப் படிக்கிறேன். 1930களின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவில் மரீன்தால் என்ற சிற்றூர். அங்கே இருந்த ஆலை மூடிவிட்டது. ஊரே வேலை இழந்து நிற்கிறது. யஹோடாவும் கூட்டாளிகளும் அங்கே போய் எல்லாவற்றையும் அளந்தார்கள், தெருவில் ஆட்கள் நடக்கும் வேகத்தைக்கூட. ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் நின்று நின்று போனார்கள். பெரும்பாலானவர்கள் கடிகாரம் கட்டுவதையே விட்டிருந்தார்கள். கையில் நிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பதுகூடக் குறைந்துபோயிருந்தது. பெண்களுக்கு வீட்டு வேலை இருந்ததால் அவர்கள் வேகமாக நடந்தார்கள்.

அது வறுமையில் தள்ளப்பட்ட ஊர், என் நிலை அது இல்லை. இருந்தாலும் அந்தக் கடிகாரம் மனதில் மாட்டிக்கொண்டது. சம்பளத்தைத் தவிர வேலை நமக்கு என்னவெல்லாம் தருகிறது என்று பின்னாளில் அவர் ஐந்தைச் சொன்னார்: நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், தனி ஆளால் முடியாத ஒரு பொது நோக்கம், சமூகத்தில் ஓர் இடம், கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஏதோ ஒன்று. ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மே மாதத்தில் என்ன இருக்கும் என்று நிரப்பிப் பார்த்தேன். ஒழுங்குக்குக் காலை நடை. மனிதர்களுக்கு அக்கா, கல்லூரித் தோழிகள். மற்ற மூன்றும் காலி.

ஆறாவதாக ஒன்று எனக்குத் தோன்றியது. முன்பின் தெரியாத ஒருவர் என்னை நம்பித் தூங்குவது. அதற்கு எதிரே எழுத எதுவுமே கிடையாது.

மார்ச் 9

"ஏன் என்னையே அப்படிப் பார்த்துக்கிட்டிருக்கே?" என்றார்.

பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் அவர் உதட்டு நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடிப்படி ஏறி வந்தால் மூச்சை எண்ணுகிறேன். தூங்கும்போது மார்பு எழுகிறதா என்று பார்க்கிறேன். சோபாவில் தலை சாய்ந்து தூங்கிவிட்டால் தாடையைத் தூக்கிவிடக் கை துடிக்கிறது. அவருக்கு ஒன்றும் இல்லை, நல்ல ஆரோக்கியம். "நான் உன் புருஷன்மா, டேபிள்ல படுத்திருக்கிற ஆள் இல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் மனதை விட்டுப் போகவில்லை.

பதவி போவது, பேர் போவது பற்றியெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டேன், அவை தாங்கக்கூடியவைதான். என் பயம் வேறு. ஒருவர் தூங்குகிற நேரம் முழுக்க அவருக்காக விழித்திருப்பதுதான் இத்தனை வருஷ வேலை. அந்தக் கவனம் ஏப்ரல் 30 மாலையோடு அணைந்துவிடாது. எங்கே போகும்? வீட்டில் இருப்பது ஒரே ஒரு மனிதர். அத்தனையும் அவர் மேல் இறங்கினால் அவர் மூச்சு முட்டிப் போய்விடுவார். மகளுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை போன் போட்டு இருமல் எப்படி இருக்கிறது, தண்ணீர் குடித்தாயா என்று கேட்கிற அம்மாவாக ஆகிவிடுவேன். இப்போதே பாதி அப்படித்தான்.

ஓய்வை ஆராய்ந்த சமூகவியலாளர் ராபர்ட் அட்ச்லி, முதலில் தேனிலவு மாதிரி ஒரு காலம், பிறகு சலிப்பு, பிறகு புது வாழ்க்கைக்கு ஒரு வழி பிடிபடுவது என்று கட்டம் கட்டமாகச் சொல்கிறார். எல்லாருக்கும் எல்லாக் கட்டமும் வரும் என்று அவரும் சொல்லவில்லை. எனக்குச் சலிப்பைப் பற்றிப் பயம் இல்லை. இந்தக் கவனத்துக்கு ஓர் இடம் வேண்டும், அதை அவர் மேல் இறக்கி வைக்காமல்.

மார்ச் 10

அவரிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார். "சரி, மூச்சை எண்ணு, ஆனா எங்கிட்ட சொல்லாதே" என்றார்.

மார்ச் 18

நடைபாதையில் ஒருவர் சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கி நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நீண்ட ஆபரேஷன் முழுக்க அவர் தலைமாட்டில் நின்றவள் நான். என்னைத் தாண்டி நடந்து போனார். அது அவர் குறை இல்லை. பயம் தணிய முன்னதாக மிடாசோலம் என்ற மருந்து கொடுத்தால் அதற்குப் பின் பேசியதெல்லாம் பெரும்பாலும் நினைவில் தங்காது, மருந்தின் குணமே அது. பயந்திருந்தார் என்று அவர் பேத்தியின் பெயரை நான்தான் கேட்டுப் பேச வைத்தேன். அந்தப் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவருக்கு நான் ஞாபகம் இல்லை. நல்லபடியாக நடந்தால் எங்களுக்குச் சாட்சியே கிடையாது.

சார்ட்டுகள் இருக்கின்றன. 1890களில், பின்னாளில் பெரிய சர்ஜன்களான ஹார்வி குஷிங்கும் எர்னஸ்ட் காட்மனும் மருத்துவ மாணவர்களாக இருந்தபோது, மயக்கத்துக்காக ஈதர் கொடுக்கப்பட்டவர்களின் நாடியையும் மூச்சையும் தாளில் குறித்து வைக்கத் தொடங்கினார்கள். நான் எழுதிய ஒவ்வொரு சார்ட்டும் அந்த வழி வந்ததுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. அந்த நேரத்தில் நான் அங்கே இருந்தேன் என்பதற்கு அந்தப் புள்ளிகள் போதும். இன்று போதும் என்று தோன்றுகிறது. நாளைக்குத் தெரியாது.

மார்ச் 27

வாரம் இரண்டு நாள் வரச் சொல்லி ஓரிடத்திலிருந்து கேட்கிறார்கள். சந்தோஷத்தில் கை நடுங்கியது. அந்த நடுக்கம்தான் யோசிக்க வைக்கிறது.

கை இன்னும் நன்றாக இருக்கும்போதே நிறுத்த வேண்டும் என்றுதான் இந்தத் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்காமல் இருந்தேன். வாரம் இரண்டு நாள் செய்தால் கை இதே மாதிரி இருக்குமா? செய்யாமல் விட்டால் மங்கும் வேலை இது. தூங்கப்போகிறவருக்கு எனக்கு இரண்டு நாள்தான் பழக்கம் என்று தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்து மூன்று மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 5

இன்று எல்லார் மேலும் கோபம். "இனிமே நிம்மதியா தூங்கலாம்" என்று இன்னொருவர் சொன்னால் கத்திவிடுவேன்.

ஏப்ரல் 14

மறுபடி அந்த ஓசை, மறுபடி ஒன்றுமில்லை. அந்த ஓசையைச் சாத்தியமாக்கியவர் டகுவோ அயோயாகி என்ற ஜப்பான் பொறியாளர், பல்ஸ் ஆக்ஸிமீட்டரின் அடிப்படையை 1974இல் வெளியிட்டார். அதற்கு முன்பெல்லாம் நோயாளியின் நகமும் உதடும் ரத்தத்தின் நிறமும்தான் வழிகாட்டி. என் சார் அப்படிக் கற்றவர். முகத்தைப் பார்த்தே சொல்வார் என்று எழுதினேனே, அது அதனால்தான்.

ஏப்ரல் 19

பள்ளிப் பிள்ளைகளுக்கு நெஞ்சை அழுத்தி உயிர் காக்கும் முதலுதவி கற்றுத்தர ஆள் தேடுகிறார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம். ஜூனியர்தான் சொன்னாள், தயங்கித் தயங்கி. போய்ப் பார்க்கிறேன் என்றேன். காலியாக இருந்த மூன்றில் ஒன்றுக்காவது இது பொருந்துமா என்று தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஆறாவதுக்குப் பொருந்தாது, அதை நினைத்து ஏமாற வேண்டாம்.

பதிவுத் தாளை இன்னும் நிரப்பவில்லை.

ஏப்ரல் 21

நிரப்பிவிட்டேன். கையெழுத்துப் போடவில்லை.

ஏப்ரல் 26

நாளைய லிஸ்ட் வந்துவிட்டது. முதல் கேஸ் நான்கு வயதுக் குழந்தை, டான்சில். ஜூனியருக்குப் போட்டிருந்தார்கள், எனக்குத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மாவை மயக்கம் வரும்வரை உள்ளே நிற்க விட வேண்டும், சிஸ்டரிடம் காலையிலேயே சொல்லிவிடணும். வயதை நாலால் வகுத்து நாலைக் கூட்டினால் டியூப் 5, கஃப் (நுனியருகே காற்றடைக்கும் சிறு பலூன்) உள்ளது என்றால் 4.5. அரை அளவு கூடவும் குறையவும் ஒவ்வொன்று பக்கத்தில் இருக்கட்டும். சளி இருக்கிறதா என்று நானே கேட்டுப் பார்க்கணும். இருந்தால்