அந்த வீடியோவை வைத்து அம்மாக்களைப் பயமுறுத்தாதீர்கள்

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக்கின் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு வயதுக் குழந்தையை எதிரே உட்காரவைத்து அம்மா கொஞ்சி விளையாடுகிறார், அப்புறம் ஒரு நொடி முகத்தைத் திருப்பிவிட்டு மறுபடி பார்க்கும்போது சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, சும்மா வெறித்துப் பார்க்கிறார். குழந்தைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. சிரித்துப் பார்க்கிறது, எங்கேயோ விரல் நீட்டுகிறது, இரண்டு கையையும் அம்மா பக்கம் நீட்டுகிறது, வீறிடுகிறது, கடைசியில் உடம்பை முறுக்கிக்கொண்டு அழுகிறது. எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள்.

இந்தச் சோதனை அமெரிக்காவில் 1975-இலேயே ஆய்வாளர்கள் முன் வைக்கப்பட்டது, கட்டுரையாக 1978-இல் வந்தது. அதில் இருந்தவை சில மாதக் கைக்குழந்தைகள். அந்த வயதிலேயே குழந்தை நம் முகத்திலிருந்து பதிலை எதிர்பார்க்கிறது என்று அது காட்டியது. எடின்பரோவில் லின் மரேயும் கால்வின் ட்ரெவார்தனும் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள்: அம்மாவும் இரண்டு மாதக் குழந்தையும் தனித்தனி இடத்தில், டிவி வழியாக நேரடியாகப் பேசிக்கொள்ளும்போது குழந்தை நன்றாக இருந்தது. அதே அம்மா சற்றுமுன் சிரித்த அதே பதிவைத் திரும்பப் போட்டபோது அதற்குப் பிடிக்கவில்லை, முகம் வாடியது. சிரிப்பு இருந்தது, ஆனால் அது தனக்கான பதில் இல்லை! (பின்னால் செய்து பார்த்த எல்லோருக்கும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

சரி, என் ஆதங்கம் இதுதான். "ஒரு நிமிஷம் போனைப் பார்த்தாலும் குழந்தை மனசு உடைஞ்சிடும்" என்று எழுதி இந்த வீடியோவைப் பச்சை உடம்புக்காரிகளுக்கு அனுப்புகிறார்கள். அதே ட்ரோனிக் குழுதான், நல்லபடியாக இருக்கும் அம்மாவும் குழந்தையும்கூட ஏறக்குறைய 30 சதவீத நேரம்தான் ஒத்துப்போகிறார்கள் என்றும் கண்டது. மற்ற நேரமெல்லாம் தவறிப்போய், மறுபடி சேர்ந்துகொள்வதுதான். மடியில் கிடக்கும் குழந்தையைக் கவனித்துப் பாருங்கள், கொஞ்சல் கொஞ்சம் கூடிவிட்டால் தலையைத் திருப்பிக்கொண்டு விரலைச் சூப்பும், நாம் சற்று அடங்கியிருந்தால் அதுவாகவே திரும்பி "ங்கா" என்று ஆரம்பிக்கும். அப்படித் திரும்ப விடுவதுதான் விஷயம். நியூயார்க்கில் ஜாஃபியும் பீபியும் நான்கு மாதக் குழந்தைகளும் அம்மாக்களும் மாறி மாறிக் குரல் கொடுக்கும் தாளத்தை அளந்து 2001-இல் எழுதியதிலும், மிக இறுக்கமாக ஒத்துப்போன ஜோடிகளைவிட நடுத்தரமாக ஒத்துப்போனவர்களிடம்தான் ஒரு வயதில் பாதுகாப்பான பிணைப்பு, அதாவது அம்மா இருக்கிறாள் என்ற நம்பிக்கை, அதிகம் தெரிந்தது.

நாம் கவலைப்பட வேண்டியது வேறு ஒருத்தியைப் பற்றி. பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வில் வாரக்கணக்கில் முகமே அசையாமல் கிடப்பவள். அவளிடம் போய் "சிரிச்ச முகமா இரு, குழந்தை ஏங்கிடும்" என்பது கொடுமை. அவளை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், ராத்திரி தூங்க விடுங்கள், அதுவரை அப்பாவோ பாட்டியோ குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு முகம் பார்த்துப் பேசட்டும்.