பால் ஆகாது, சரி. பாலில் எது ஆகாது?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மாடு இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டிலும் கறவை மாடு உண்டு, காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் போகிறது. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பையனுக்குப் பால் ஆகவில்லை என்றால் சொந்தக்காரர்களே நம்பவில்லை. என்னென்ன டெஸ்ட் எடுத்தார்கள், ரிப்போர்ட்டில் வரும் வாயில் நுழையாத பெயர்கள் எல்லாம் என்ன, அதை வைத்து என்ன செய்தோம் என்பதை எழுதுகிறேன். இதே அலைச்சலில் இருப்பவர்களுக்கு உதவலாம்.

தாய்ப்பால் குடித்தவரை தொந்தரவு இல்லை. ராகிக் கூழில் மாட்டுப்பால் சேர்த்துக் கொடுத்தபோதுதான் ஆரம்பித்தது. சில நிமிடங்களில் உதடு வீங்கியது, கழுத்தில் தடிப்புத் தடிப்பாக வந்தது, அப்புறம் வாந்தி. அக்கம்பக்கத்தில் எல்லோரும் சொன்ன ஒரே காரணம் கலப்படம். தமிழ்நாட்டு எல்லையில் உள்ள மீனாட்சிபுரத்தில் செக்போஸ்ட் போட்டு, வெளியிலிருந்து வரும் பாலைச் சோதிக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் இது எங்கள் தொழுவத்தில் கண்ணெதிரே கறந்த பால், இதில் யார் என்ன கலக்க முடியும்?

முதலில் பார்த்த டாக்டர் லாக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, லாக்டோஸ் இல்லாத பால் பவுடர் எழுதிக் கொடுத்தார். அதற்கும் அதே தடிப்பு. லாக்டோஸ் என்பது பாலில் இருக்கும் சர்க்கரை. அது செரிக்காவிட்டால் வயிறு உப்பும், பேதியாகும், உதடு வீங்காது. அலர்ஜி கிளம்புவது புரதத்தால், லாக்டோஸை எடுத்துவிட்ட பவுடரில் புரதம் முழுசாக அப்படியே இருக்கிறது. இந்த வித்தியாசத்தை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் குழந்தை ஒரு தடவை கூடுதலாகக் கஷ்டப்பட்டிருக்க மாட்டான்.

பிறகு, எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாப் பெரிய வைத்தியத்துக்கும் போகிற மாதிரி, கோயம்புத்தூருக்குப் போனோம். அங்கே பார்த்த அலர்ஜி டாக்டர் டெஸ்ட் எழுதுவதற்கு முன்னால் நிறையக் கேள்வி கேட்டார். எவ்வளவு குடித்தான், எத்தனை நிமிடத்தில் வந்தது, தயிர் கொடுத்தீர்களா, பிஸ்கட் கொடுத்தீர்களா. பால் சேர்த்த பிஸ்கட் தின்றால் ஒன்றும் ஆவதில்லை என்று நான் பேச்சுவாக்கில் சொன்னதும், அதை எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார். அது ஏன் என்று ரிப்போர்ட் வந்த பிறகுதான் புரிந்தது.

தோல் சோதனைக்கு வரும்போது எங்கள் வீட்டுப் பாலையே கொண்டுவரச் சொன்னார். அலர்ஜி சிரப் கொடுத்துக்கொண்டிருந்தால் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் டெஸ்ட் பொய் சொல்லும். "ஆட்டுப்பால் ஒண்ணும் பண்ணாது கண்ணு, அதைக் குடுத்துப் பாரு" என்று அம்மாயி விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததால் ஒரு சின்ன பாட்டிலில் ஆட்டுப்பாலும் எடுத்துப் போனோம். பையன் கையில் பேனாவால் குறி போட்டு ஒவ்வொரு துளியாக வைத்தார்கள்: ஒன்று வெறும் உப்புநீர், ஒன்று யாருக்கும் தடிப்பு வரவைக்கும் ஹிஸ்டமின் (டெஸ்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க), அப்புறம் இரண்டு பாலும். துளியின் மேலே ஊசியால் லேசாக ஒரு குத்து, ரத்தம்கூட வரவில்லை. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் உப்புநீர் வைத்த இடம் சப்பையாக இருந்தது, மாட்டுப்பால் வைத்த இடம் கொசு கடித்ததுபோல் உப்பி ஓரமெல்லாம் சிவந்திருந்தது. உப்புநீரைவிட 3 மில்லிமீட்டராவது கூடுதலாக உப்பினால் பாசிட்டிவ் என்று கணக்கு. ஆட்டுப்பால் வைத்த இடமும் மாட்டுப்பாலுக்குச் சளைக்கவில்லை. இரண்டிலும் உள்ள புரதங்கள் அவ்வளவு ஒத்துப்போவதால், மாட்டுப்பால் ஆகாத பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு மேல் ஆட்டுப்பாலும் ஆகாதாம். அம்மாயிக்கு அதில் வருத்தம்தான்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஐஜிஇ என்பது அலர்ஜிக்குக் காரணமான, ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள். 'மில்க் ஐஜிஇ' என்று மட்டும் எழுதினால் மொத்தப் பாலுக்கு ஒரே ஒரு எண் வரும். எந்தப் புரதம் என்று தெரிய 'காம்பொனன்ட்' டெஸ்ட் என்று தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் ஊர் லேப்பில் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை, கோவையில் எடுத்த ரத்தமும் வெளியூருக்குத்தான் போனது. ரிப்போர்ட்டில் போஸ் டி 4, 5, 6, 8 என்று வரிசையாக இருக்கும். போஸ் டி என்பது மாட்டின் லத்தீன் பெயரிலிருந்து எடுத்த சுருக்கம், எண் ஒவ்வொன்றும் ஒரு புரதம். 4 ஆல்ஃபா-லாக்டால்புமின், 5 பீட்டா-லாக்டோகுளோபுலின், 6 ரத்தத்திலும் இருக்கும் ஆல்புமின், 8 கேசின்.

பால் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசின். பால் புளித்துத் திரியும்போது கட்டியாக நிற்பது அதுதான். மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரில் இருப்பவை வே புரதங்கள், அதில் பாதியளவு பீட்டா-லாக்டோகுளோபுலின். இது தாய்ப்பாலில் இயற்கையாகக் கிடையாது, அம்மா குடித்த பாலிலிருந்து துளியளவு வேண்டுமானால் வரலாம்.

எங்கள் பையனுக்கு 5 நன்றாக ஏறியிருந்தது, 4 கொஞ்சம், 8 கிட்டத்தட்ட இல்லை, பாசிட்டிவ் என்று எடுத்துக்கொள்ளும் 0.35-க்குக் கீழே. டாக்டர் உடனே, பிஸ்கட் பற்றி முன்பு எழுதி அடிக்கோடு போட்டிருந்ததைக் காட்டினார். பீட்டா-லாக்டோகுளோபுலின் நூல்கண்டு மாதிரி சுருண்டிருக்கும் புரதம், சூடு பட்டால் பிரிந்துபோகும், அப்புறம் உடம்புக்கு அதைச் சரியாக அடையாளம் தெரியாது. கேசினில் அப்படி இறுகிய சுருள் இல்லை, அதனால் எவ்வளவு சுட்டாலும் பெரிதாக மாறாது. கேசின் எண் உயர்ந்திருந்தால் கேக், பிஸ்கட்கூட ஆகாமல் போகவும் அலர்ஜி நாள்பட நீடிக்கவும் வாய்ப்பு அதிகம்.

நாங்கள் என்ன பச்சைப் பாலா கொடுத்தோம், காய்ச்சித்தானே கொடுத்தோம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அடுப்பில் பொங்கி இறக்கும் சூடு போதாதாம். மாவோடு பிசைந்து நீண்ட நேரம் வேகும்போது சூடும் வேலை செய்கிறது, மாவும் அந்தப் புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது.

6-ஐ ஏன் பார்த்தார்கள் என்றால், அந்த ஆல்புமின் மாட்டிறைச்சியிலும் உண்டு. பீஃப் சாப்பிடுவீர்களா என்று டாக்டர் கேட்டபோது என் மாமியார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நாங்கள் சாப்பிடுவதில்லை, ஆனால் பாலக்காட்டில் பள்ளிக்கூடம் போகப்போகிற பிள்ளை, பக்கத்து டிபன் பாக்ஸில் என்ன இருக்கும் என்று யார் கண்டார்கள். நல்லவேளை, அது நெகட்டிவ்.

ரிப்போர்ட்டை வைத்து வீட்டிலேயே கேக் ஊட்டிப் பார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எண் என்பது உடம்பில் எதிர்ப்பு உருவாகியிருப்பதை மட்டும் சொல்லும், சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதைச் சாப்பிட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், அதுவும் ஆஸ்பத்திரியில். 180 டிகிரியில் 30 நிமிடம் வேகவைத்த சின்னக் கேக், அதில் 1.3 கிராம் அளவுக்குப் பால் புரதம், அதாவது சுமார் 40 மில்லி பாலில் இருப்பது. துணுக்கிலிருந்து ஆரம்பித்து, இடைவெளி விட்டு விட்டு அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள், அலர்ஜி முற்றினால் உடனே போட வேண்டிய அட்ரினலின் ஊசி பக்கத்திலேயே தயாராக இருந்தது. முழுக் கேக்கும் தின்று முடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். அதற்கப்புறமும் சில மணி நேரம் உட்காரவைத்துத்தான் அனுப்பினார்கள்.

இப்போது நன்றாக வெந்த கேக்கும் பிஸ்கட்டும் டாக்டர் சொன்ன அளவில் உண்டு. பால், தயிர், மோர், பன்னீர், பால்பாயசம் கிடையாது. தயிரில் லாக்டோஸ் குறையுமே தவிர புரதம் போவதில்லை. வீட்டு நெய்யின் அடியில் தங்கும் கசண்டில் புரதம் இருக்கும் என்பதால் அதையும் நிறுத்தியிருக்கிறோம். ஏ2 நாட்டு மாட்டுப்பால் கொடுங்கள் என்று சொல்லாத ஆளில்லை. ஏ1, ஏ2 வித்தியாசம் பீட்டா-கேசினின் 67-வது இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம், மற்ற புரதம் எல்லாம் நாட்டு மாட்டிலும் உண்டு, எங்கள் பையனைப் படுத்தும் பீட்டா-லாக்டோகுளோபுலின் உட்பட. பாக்கெட் வாங்கினால் பின்பக்கத்தில் வே பவுடர், மில்க் சாலிட்ஸ் என்று இருக்கிறதா பார்க்கிறேன். கேசின் ஆகாதவர்கள் கேசினேட் என்ற பெயரையும் தேட வேண்டும், பாலுக்குப் பதிலாகக் காபியில் கலக்க, பால் இல்லை என்று விற்கும் பவுடர்களில்கூட அது இருக்கும்.

தானாகக் குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா நம் ஊர் மருந்துக்கடையில் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆம்பூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் கொடுத்து, பையன் எடைக்கு எவ்வளவு என்று கோடு போட்டு, தொடையின் வெளிப்பக்கம் எப்படிக் குத்துவது என்று என்னையும் வீட்டுக்காரரையும் மாமியாரையும் செய்து காட்டச் சொன்னார்கள். கேட்காமல் சொல்லித்தர மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். அடுத்த வருடம் மறுபடி காம்பொனன்ட் டெஸ்ட், 5 இறங்கியிருந்தால் காய்ச்சிய பாலை ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்.