விசாவில் இருப்பவருக்கும் கே99 உண்டு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மருத்துவத் தகவலியல் (மருத்துவத் தரவுகளைக் கணினியால் கையாளும் துறை) படிக்கும் நம்மவர்கள் பலர் ஒன்றை உறுதியாக நம்புகிறார்கள்: கிரீன் கார்டு வரும்வரை அரசின் ஆராய்ச்சி நிதிக்குச் சொந்தப் பெயரில் விண்ணப்பிக்க வழியே இல்லை என்று. இதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்க அரசின் தேசிய மருத்துவ நூலகமான என்எல்எம், கொலம்பியா, வாண்டர்பில்ட், ஸ்டான்ஃபோர்டு போன்ற பல்கலைக்கழகங்களின் தகவலியல் துறைகளுக்கு டி15 என்ற பயிற்சி நிதியை நீண்ட காலமாகக் கொடுத்து வருகிறது. அதில் சேரக் குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வேண்டும். முனைவர் பட்ட மாணவர்களுக்கான எஃப்31 நிதிக்கும் அதே நிபந்தனைதான். ஆனால் முனைவர் பட்டம் முடித்தபின் ஆராய்ச்சிப் பயிற்சி பெறும் போஸ்ட்டாக் கட்டத்தில் கே99 என்று ஒரு நிதி இருக்கிறது. அதற்குக் குடியுரிமை நிபந்தனை கிடையாது. ஹெச்-1பி விசாவில் இருந்தபடியே அதைப் பெற்றேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கே99 இரண்டு கட்டமாக வரும். முதல் இரண்டு ஆண்டுகள் வரை ஒரு வழிகாட்டியின் கீழ் பயிற்சியும் ஆராய்ச்சியும். அப்புறம் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தால், அது ஆர்00 ஆக மாறி மூன்று ஆண்டுகள் வரை நம்முடனே புதிய இடத்துக்கு வரும். அந்தக் கட்டத்தில் ஆண்டுக்கு 2,49,000 டாலர் வரை உண்டு. நிபந்தனைகளில் முக்கியமானவை இரண்டு. முதல் கட்டத்தில் நம் பணிநேரத்தில் குறைந்தது 75 விழுக்காடு இதற்கே போக வேண்டும். போஸ்ட்டாக் ஆராய்ச்சி அனுபவம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. முதல் விண்ணப்பம் திரும்பி வந்து மறுபடி அனுப்பும்போதும் இந்த நான்கு ஆண்டுக் கணக்கைப் பார்ப்பார்கள். அதனால் போஸ்ட்டாக்கின் கடைசி ஆண்டில் யோசிக்கத் தொடங்கினால் ஒரே வாய்ப்போடு முடிந்துவிடும்.

என் ஆராய்ச்சி நோயாளி அடையாளப் பொருத்தம் பற்றியது. ஒரே ஆள் இரண்டு மருத்துவமனைகளுக்குப் போகிறார். இரண்டு பதிவேடுகளும் ஒருவருடையதுதானா என்று கணினி எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்காவில் இதற்கென்று பொது எண் இல்லை. 1996-ல் வந்த ஹிப்பா என்ற சுகாதாரக் காப்பீட்டு, மருத்துவத் தகவல் பாதுகாப்புச் சட்டம் அப்படி ஓர் எண்ணை உருவாக்கச் சொன்னது. ஆனால் தனியுரிமை போய்விடும் என்ற அச்சத்தில், அதற்கு மத்திய சுகாதாரத் துறை பணம் செலவிடக் கூடாது என்று 1998-ல் நாடாளுமன்றம் தடை போட்டது. அதன்பின் நிதி மசோதாக்களில் அந்தத் தடை தொடர்ந்து வந்தது. ஆகவே பெயர், பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். 1969-ல் ஃபெலிகி, சண்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள் வகுத்துத் தந்த கணித முறைதான் இன்றும் அடித்தளம்: ஒவ்வொரு விவரமும் ஒத்துப்போனால் இவ்வளவு மதிப்பு, ஒத்துப்போகாவிட்டால் இவ்வளவு கழிவு, மொத்தம் ஒரு வரம்பைத் தாண்டினால் ஒரே ஆள். அரிதான பெயர் ஒத்துப்போனால் மதிப்பு கூடும். ஸ்மித் ஒத்துப்போவதில் பெரிதாக என்ன இருக்கிறது?

இந்த முறை முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற ஏற்பாட்டை நம்பி நிற்கிறது. நமக்கு அது பொருந்துவதில்லை. அப்பா பெயர் ஓரிடத்தில் தலைப்பெழுத்தாக இருக்கும், இன்னோரிடத்தில் குடும்பப் பெயராகிவிடும், மூன்றாவது இடத்தில் முன்பின் மாறியிருக்கும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகி வரும். மருத்துவமனையில் சிலர் அதையே பெயராகப் பதிந்துவிடுகிறார்கள். இப்படி ஒரே ஆளுக்கு இரண்டு பதிவேடு உண்டாகும்போது, பென்சிலின் ஒவ்வாமை ஒன்றில் இருக்கும், மருந்து எழுதும் மருத்துவர் மற்றதைத் திறந்து வைத்திருப்பார். தமிழருக்கு மட்டுமான சிக்கல் இல்லை இது. இரட்டைக் குடும்பப் பெயர் வைத்திருக்கும் லத்தீன் அமெரிக்கர்கள், திருமணத்துக்குப் பின் பெயர் மாறும் பெண்கள், எல்லாருக்கும் இதே கதை. எனக்கு இந்த வேலையில் இருக்கும் பற்று அங்கிருந்துதான் வந்தது.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். முதலில் எழுத வேண்டியது ஒரே ஒரு பக்கம், ஆராய்ச்சி நோக்கங்கள் என்ற பக்கம். அதை முடித்த கையோடு என்எல்எம்மில் இந்தத் துறையைப் பார்க்கும் திட்ட அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பேச நேரம் கேட்டேன். இதற்கு யாரும் தயங்க வேண்டாம். கேள்விகளுக்குப் பதில் சொல்வது அவர்கள் வேலை. மதிப்பெண் போடுபவர்கள் வேறு ஆட்கள். என் விசாவைப் பற்றிய சந்தேகமும் அந்தத் தொலைபேசி உரையாடலில்தான் தீர்ந்தது. நிதியைப் பெறுவது சட்டப்படி பல்கலைக்கழகம். கே99 காலம் முடியும்வரை நாம் இங்கே இருக்க விசா இடம் கொடுக்கும் என்று பல்கலைக்கழகம் உறுதி செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். எங்கள் நிர்வாக அலுவலகத்தில் முதலில் முடியாது என்றே சொன்னார்கள். அறிவிப்பில் தகுதி பற்றிய பத்தியை அச்செடுத்துக் காட்டிய பிறகு, சர்வதேச மாணவர் அலுவலகத்தோடு பேசிச் சரி என்றார்கள். அந்தப் பத்தியை நீங்களே படித்து வைத்துக்கொள்ளுங்கள். வேறு யாரும் உங்களுக்காகப் படிக்கப்போவதில்லை.

நம்மைப் பற்றிய பகுதியும் ஆராய்ச்சித் திட்டமும் சேர்ந்து 12 பக்கம். பரிந்துரைக் கடிதங்கள் குறைந்தது மூன்று, அதிகம் ஐந்து. வழிகாட்டியின் கடிதம் இந்தக் கணக்கில் சேராது. கடிதம் தருபவர்கள் தாங்களே ஈஆர்ஏ காமன்ஸ் என்ற அரசின் ஆராய்ச்சி நிதித் தளத்தில் ஏற்ற வேண்டும். பேராசிரியர்களுக்கு மரியாதையாக, ஆனால் விடாமல் நினைவூட்ட வேண்டியிருந்தது.

தரவு விஷயம் தனி. எங்கள் துறையில் பெரும்பாலோர் எம்ஐடி வழியாகக் கிடைக்கும் மிமிக் தரவை (அடையாளம் நீக்கிய நோயாளிப் பதிவேடுகள்) எடுத்துக்கொள்வார்கள். ஒழுக்கநெறிப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் இலவசம். எனக்கு அது பயன்படாது. ஹிப்பாவின் ஒரு வழிமுறைப்படி அடையாளத்தை நீக்க வேண்டுமென்றால் 18 வகை விவரங்களை எடுத்துவிட வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் அதில் அடக்கம். எனக்கு வேண்டியதே அவைதான். அதனால் மருத்துவமனையின் உண்மையான பதிவேடுகளைப் பாதுகாப்பான கணினிக்குள்ளேயே வைத்து வேலை செய்ய, ஒழுக்கநெறிக் குழுவின் தனி அனுமதி கேட்டேன்.

2022 ஜூன் தவணையில் அனுப்பினோம். மதிப்பீட்டுக் குழு கொடுக்கும் மொத்த மதிப்பெண் 10 முதல் 90 வரை. குறைவாக இருந்தால் நல்லது. எனக்கு வந்தது 38. நிதிக்கு அது போதாது. ஆனால் கூடவே வந்த விமர்சன அறிக்கை இருக்கிறதே, அதுபோல என் வேலையை யாரும் அவ்வளவு ஊன்றிப் படித்ததில்லை. ஆராய்ச்சித் திட்டத்தில் பெரிய குறை சொல்லவில்லை. இவர் புதிதாக என்ன கற்கப் போகிறார், யாரிடம், எந்த ஆண்டில் என்றுதான் கேட்டார்கள். கே99 பயிற்சி நிதி என்பதால், விண்ணப்பிப்பவரின் வளர்ச்சித் திட்டத்தையும் ஆராய்ச்சிக்கு நிகராக எடை போடுகிறார்கள்.

மறு விண்ணப்பம் 2023 மார்ச்சில் போனது. விமர்சனங்களுக்குப் பதில் சொல்ல ஒரு பக்கம் தருவார்கள். சொன்ன ஒவ்வொன்றுக்கும் என்ன மாற்றினோம் என்று நேராக எழுதினேன். தனியுரிமைச் சட்டம் தெரிந்த ஒருவரையும் மருத்துவமனைப் பதிவு வேலையை நடத்தும் ஒருவரையும் இணை வழிகாட்டிகளாகச் சேர்த்தேன். பதிவு மேசையில் உட்கார்ந்து கற்கும் மாதங்களையும் திட்டத்தில் எழுதினேன். அந்த ஆண்டு ஜனவரி 25 முதல் தரவு மேலாண்மை, பகிர்வுத் திட்டமும் கட்டாயமாகியிருந்தது. உண்மைப் பெயர்களைப் பகிர முடியாது. ஆகவே நிரலையும், அதே வகைப் பிழைகளோடு செயற்கையாக உருவாக்கிய பதிவேடுகளையும் பொதுவில் வைப்பேன் என்று எழுதினேன். இந்த முறை 22. அப்புறம் ஒழுக்கநெறி அனுமதி உள்ளிட்ட கூடுதல் ஆவணங்களைக் கேட்டார்கள், ஆலோசனைக் குழு கூடியது, நிதி உத்தரவு வந்தது.

இப்போது உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். வேலை கிடைத்தாலும் ஆர்00 தானாக வந்துவிடாது. புதிய பல்கலைக்கழகம் எவ்வளவு ஆராய்ச்சி நேரமும் இடமும் தரும் என்று எழுதிக் கொடுத்து, அதை என்எல்எம் ஏற்க வேண்டும். விசாவில் இருந்துகொண்டு போஸ்ட்டாக்கின் முதல் ஆண்டில் இதைப் படிப்பவர்கள், முதலில் உங்கள் நான்கு ஆண்டு எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். கே99 தவணைகள் பிப்ரவரி, ஜூன், அக்டோபர் 12. மறு விண்ணப்பத்துக்கு மார்ச், ஜூலை, நவம்பர் 12. விதிகள் மாறக்கூடும் என்பதால் அன்றைய அறிவிப்பையே நம்புங்கள். மறு விண்ணப்பத் தவணை ஒன்றாவது அந்தத் தேதிக்குள் வருமாறு பின்னோக்கி எண்ணி, முதல் விண்ணப்பத்துக்கு மாதத்தைக் குறித்துவிடுங்கள்.