வலது ஓரத்து எண்

மதுரையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். போன வருடம் மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா எட்டு வயதுப் பையனைக் கூட்டி வந்தார். பையனுக்குக் கழுத்துக்குப் பின்னால் கறுத்திருந்தது, அழுக்கு என்று நினைத்து ஆறு மாதமாகத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறார். டாக்டர் எழுதிக் கொடுத்த பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடும் ஒரு வகைக் கொழுப்பு, 138 வந்தது. ரிப்போர்ட்டின் வலது ஓரத்தில் ‘150க்குக் கீழ்’ என்று இருந்ததால் எண் தடித்த எழுத்தில் வரவில்லை. “நார்மல்தானே தம்பி?” என்றார். “நார்மல்தான்க்கா” என்றேன்.

சாயங்காலம் குழந்தை டாக்டர் போன் பண்ணினார். “எட்டு வயசுப் பிள்ளைக்குப் பெரியவங்க அளவைப் போட்டிருக்கீங்களே?”

ஒன்பது வயது வரை 75க்குள் இருக்க வேண்டும், 100 வந்தாலே அதிகம். பத்திலிருந்து பத்தொன்பது வயது வரை 90க்குள், 130 என்றால் அதிகம். எங்கள் சாஃப்ட்வேரில் எல்லாருக்கும் ஒரே 150தான். அன்று ராத்திரி பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினேன், 110, 125, 140 என்று எத்தனை பிள்ளைகள், எல்லாம் சாதாரண எழுத்தில்! ஆயிரத்தைத் தாண்டினால் ரத்தம் உறைந்தபின் மேலே பிரிந்து நிற்கும் நீரான சீரமே பால் மாதிரி வெளுத்து நிற்கும், கணையம் வீங்கும் ஆபத்தும் உண்டு, அதை யாரும் தவற விட மாட்டார்கள். தெளிந்த சீரத்தில் இருக்கிற 138தான் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

மறுநாளே வயதுவாரியாக அளவை மாற்ற வைத்தேன். இன்னொன்றும் கேட்கப் பழகினேன். “வெறும் வயிறா?” என்றால் எல்லாரும் ஆமாம் என்பார்கள், “பால் குடிச்சானா?” என்று தனியாகக் கேட்டால்தான் “பால் மட்டும்தான் தம்பி” என்று வரும். நம் ஊரில் பாலை யாரும் சாப்பாட்டில் சேர்ப்பதில்லை, ஆனால் அந்த ஒரு டம்ளரே ட்ரைகிளிசரைடை ஏற்றிக் காட்டலாம்.

சரி, அந்த அக்காவுக்குப் போன் போட்டு, நான் சொன்னது தப்பு, டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்றேன். “எண்ணெய்ப் பலகாரமே கொடுக்கிறதில்லையே தம்பி” என்றார். எண்ணெய் மட்டும் இல்லைக்கா, சர்க்கரையும் மைதாவும் மிஞ்சினால் ஈரல் அதைக் கொழுப்பாக்கித்தான் ரத்தத்தில் விடும் என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார், “பள்ளிக்கூடம் விட்டு வந்தா தினமும் ஒரு கலர் சோடா கேப்பான். இன்னைக்கும் வாங்கி வெச்சிருக்கேன், கொடுக்கவா வேண்டாமா?”